மணமகளின் நகங்கள்: மருதோன்றி பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கப்பலிலிருந்துதான் தொடங்கினார்கள். அரபு வணிகர் வந்திறங்கிய துறைமுகங்கள், கண்டி மன்னர்கள் கொடுத்த ஆதரவு, போர்த்துக்கேயர் செய்த கொடுமைகள், பின்னர் சட்டசபை, கல்வி, அரசியல் என்று அந்த வரலாறு நீண்டு செல்லும். அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கப்பலில் வந்தவர்களும் அவர்களுக்குப் பெண் கொடுத்தவர்களும் கலியாணம் முடித்துத்தானே ஒரு சமூகம் உண்டாயிற்று? அந்தக் கலியாண வீடுகளில் முதல் நாள் இரவு அம்மியைச் சுற்றியிருந்த பெண்கள் எதை அரைத்தார்கள், எதற்காகப் பூசினார்கள் என்று எழுதி வைத்தவர்கள் மிகச் சிலரே. ஆண்கள் எழுதிய வரலாறு கடற்கரையில் நின்றுவிட்டது. அடுப்படி வரை அது வந்து சேரவில்லை.

நான் இங்கே எடுத்துக்கொண்டது மிகச் சிறிய இடம். மணப்பெண்ணின் பத்து விரல் நகங்கள்.

கலியாணத்தன்று ஒரு பெண் உடம்பில் தாங்கும் அலங்காரங்களை எண்ணிப் பார்த்தால், அவற்றில் பெரும்பகுதி அன்றிரவே கழன்று விடுவதைக் காணலாம். நகைகளில் சில இரவல். அவை விடிந்ததும் உரியவர் வீட்டுக்குப் போய்விடும். கூறைப்புடவை மடித்துப் பெட்டிக்குள் வைக்கப்படும். பூ வாடும். அத்தர் மணம் இரண்டு நாளில் ஆறும். நகத்திலிட்ட மருதோன்றிச் சிவப்பு மட்டும் அவளோடு கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் போகும். அரிசி களையும்போதும் மீன் கழுவும்போதும் அது அவள் கையில் இருக்கும். எங்கள் ஊரில் ஒரு மூத்தம்மா இதை என்னிடம் இப்படிச் சொன்னார்: “தோலுல ஏறின செவப்பு பாத்திரம் கழுவக் கழுவப் போயிரும் மகன். நெகத்துல ஏறினது நெகத்தோடதான் போகும்.”

அவர் சொன்ன முறையையும் பதிந்து வைப்பது நல்லது. ஏனெனில் அதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன. முதலில் நகம் வெட்டுவார்கள். வெட்டிய நகத்தையும் விரல் நுனியையும் தேசிக்காய்த் தோலால் தேய்த்துக் கழுவி, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைப்பார்கள். அன்று காலையிலிருந்தே பெண் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. கையில் எண்ணெய் பட்டால் சிவப்பு ஏறாது. மாலையில் பறித்த இலையைக் காம்பு நீக்கி அம்மியில் வைத்து மை போல அரைப்பார்கள். அரைக்கும்போது தேசிக்காய்ப் புளியும் கடும் தேயிலைச் சாயமும் சேரும். சில வீடுகளில் வெற்றிலைக்குப் போடும் காசுக்கட்டியும் சேர்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு விரலுக்கும் தொப்பி போட்டது போல முதற் கணு வரை அப்புவார்கள். உள்ளங்கையில் ஒரு வட்டம், வேண்டுமானால் அதைச் சுற்றிச் சில பொட்டுகள். அவ்வளவுதான் சித்திரம். விரல்களை இலையால் பொதிந்து பழைய சீலைத் துண்டால் கட்டி விடுவார்கள். அன்றிரவு மணப்பெண்ணுக்குக் கையே கிடையாது. சோறு ஊட்டுவதற்கு ஒருத்தி, நெற்றியில் விழும் முடியை ஒதுக்குவதற்கு ஒருத்தி, நுளம்பு விரட்ட ஒருத்தி. வாழ்நாள் முழுவதும் பிறருக்கு வேலை செய்யப் போகும் இரண்டு கைகளுக்குக் கிடைத்த ஒரு இரவு ஓய்வு என்றுதான் எனக்கு அது தோன்றுகிறது.

காலையில் கட்டைப் பிரித்து, காய்ந்த விழுதை உதிர்த்து, தண்ணீர் படாமல் தேங்காயெண்ணெய் தடவுவார்கள். அப்போது நிறம் செம்மஞ்சளாகத்தான் இருக்கும். நேரம் போகப் போகவே கடுஞ்சிவப்பாக மாறும். நன்றாகச் சிவந்தால் மாப்பிள்ளைக்குப் பெண் மீது பிரியம் அதிகம் என்பார்கள். மாமியின் பிரியம் என்று சொல்லும் வீடுகளும் உண்டு.

இந்தக் கைவேலை ஒவ்வொன்றுக்கும் இரசாயனத்தில் விளக்கம் இருக்கிறது. மருதோன்றியின் தாவரவியற் பெயர் லோசோனியா இனெர்மிஸ். ஐசக் லோசன் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவரின் பெயரால் லின்னேயஸ் இட்டது. இலையிலுள்ள சாயப் பொருளுக்கும் அதனால் லோசோன் என்று பெயர் வந்தது. பச்சை இலையில் அது வேறொரு பொருளோடு பிணைந்து அடங்கிக் கிடக்கிறது. இலையை நசுக்கிப் புளிப்புச் சேர்த்தால்தான் வெளியே வரும். தேசிக்காய்ப் புளி எதற்கு என்பது இப்போது விளங்கும். வெளிவந்த சாயம் தோலிலும் முடியிலும் நகத்திலும் உள்ள கெரற்றின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. பற்றிய பின் காற்றுப்பட்டு மேலும் கருஞ்சிவப்பாகிறது. தோல் நாளாந்தம் உதிர்வது. ஆகவே உள்ளங்கைச் சிவப்பு இரண்டு மூன்று வாரத்துக்குள் போய்விடும். நகம் உதிர்வதில்லை, வளர்கிறது. கைவிரல் நகம் மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளரும். அடியிலிருந்து நுனிவரை முழுதாக மாறுவதற்கு ஆறு மாதம் வரை செல்லும். கால் நகத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல். எனவே கலியாணமான முதல் மாதத்தில் நகத்தின் அடியில் வெள்ளைப் பிறை போல ஒரு கீற்றுத் தோன்றும். மாதா மாதம் பிறை பெருக்கும், சிவப்பு நுனியை நோக்கி ஒதுங்கும். பெண்கள் அந்த நகத்தைப் பார்த்தே கலியாணமாகி எத்தனை மாதம் என்று கணக்குச் சொன்னார்கள். நமது வீடுகளில் நாட்காட்டி தொங்குவதற்கு முன்பே இந்த நாட்காட்டி இருந்தது.

மருதோன்றியை நகத்தோடு சேர்த்தே மனிதர்கள் நினைத்திருக்கிறார்கள் என்பதற்கு அதன் பெயர்களே சாட்சி. சமஸ்கிருதத்தில் அதற்குள்ள பெயர்களில் ஒன்று நகரஞ்சனி, அதாவது நகத்துக்கு நிறமூட்டுவது. தெலுங்கில் கோரிண்டாகு என்பர். கோரு என்றால் தெலுங்கில் நகம். தமிழில் மருதோன்றி, மருதாணி என்பதோடு ஐவணம், அழவணம் என்ற பெயர்களும் அகராதிகளில் உண்டு. நம் ஊர்ப் பேச்சில் மருதோண்டி. சிங்களத்தில் மரிதொந்தி என்பது நம்மிடமிருந்து போன சொல் என்பது காதுக்கே தெரியும். கேரள மாப்பிள்ளை முஸ்லிம்களிடம் மைலாஞ்சி. அவர்களுக்கு மைலாஞ்சிப் பாட்டு என்று தனி இலக்கியமே இருக்கிறது. மலாய் மக்களிடம் இனை. மலாய்க் கலியாணத்தில் அதற்கென்று ஓர் இரவு உண்டு. அவர்களும் நம்மைப் போலவே விரல் நுனியைத்தான் சிவக்க வைக்கிறார்கள். இந்து சமுத்திரக் கரையோரம் முழுவதும் இந்த விரல் தொப்பிகள் தொடர்ந்து வருவதை ஒரு தேசப்படத்தில் குறித்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இலையின் பழைமைக்கு எகிப்து வரை போகலாம். அங்கே பதப்படுத்திய சில உடல்களின் நகங்களிலும் முடியிலும் மருதோன்றிச் சாயம் கண்டிருக்கிறார்கள். மரணத்துக்கும் கலியாணத்துக்கும் ஒரே இலை. எமக்கு வேண்டியது கலியாணம் என்பதால் மதீனாவுக்கு வருவோம்.

ஆயிஷா (ரழி) அவர்கள் வாயிலாக அபூதாவூதிலும் நஸாயியிலும் ஒரு செய்தி பதிவாகியிருக்கிறது. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை, கடிதமொன்றை நபி (ஸல்) அவர்களிடம் நீட்டியது. அவர்கள் கையை எடுத்துக்கொண்டு, இது ஆணின் கையா பெண்ணின் கையா தெரியவில்லையே என்றார்கள். பெண்ணின் கைதான் என்று பதில் வந்தது. பெண்ணாக இருந்தால் நகங்களின் நிறத்தை மாற்றியிருப்பாயே என்ற கருத்தில், மருதோன்றியைக் குறித்து, அவர்கள் கூறினார்கள். இந்த அறிவிப்பின் தரம் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதம் ஆலிம்களுக்குரியது. வரலாறு படிப்பவனுக்கு அதில் வேறொரு செய்தி கிடைக்கிறது. அந்தச் சமூகத்தில் முகம் மறைந்திருக்கும்போது நகமே பெண்ணின் அடையாளமாக நின்றது. கடிதம் நீட்டும் ஒரு பெண்ணையும் அங்கே காண்கிறோம் என்பதையும் நான் சேர்த்தே பார்க்கிறேன்.

புகாரியில் வரும் இன்னொரு சம்பவம் நம்மவர்களுக்கு நன்கு தெரிந்தது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் மீது மஞ்சள் நிறத்தின் அடையாளம் ஒன்றைக் கண்டு நபியவர்கள் விசாரித்தார்கள். திருமணம் செய்துகொண்டேன் என்றார் அவர். ஓர் ஆட்டையாவது அறுத்து விருந்து கொடுக்கும்படி கூறினார்கள். வலீமா பற்றிய பயான்களில் ஆட்டை மறக்காமல் சொல்வார்கள். அந்த நிறத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. புதுமணத்தை நிறத்தால் கண்டுகொள்வது மதீனாவுக்குப் புதிதல்ல.

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் இதைப் பொருட்படுத்தி எழுதியிருக்கின்றன. இமாம் நவவி (இறப்பு 1277) கணவனுள்ள பெண் கைகால்களுக்கு மருதோன்றியிடுவதை விரும்பத்தக்கதாகவும், ஆண்கள் மருத்துவத் தேவையின்றி அப்படிச் செய்வதை விலக்கப்பட்டதாகவும் எழுதினார். கை முழுவதும் பூசுவது, சித்திரம் வரைவது, விரல் நுனியை மட்டும் தோய்ப்பது ஆகியவற்றைப் பிக்ஹு நூல்கள் பிரித்துப் பேசுகின்றன. சித்திரத்துக்கு நக்‌ஷ் என்றும் விரல் நுனிக்குத் தத்ரீஃப் என்றும் தனிப்பெயரே கொடுத்திருக்கின்றன. பாக்தாதிலும் டமஸ்கஸிலும் பெரிய கிதாபுகள் எழுதிய இமாம்கள் பெண்ணின் விரல் நுனியைப் பற்றி எழுதுவதைத் தமக்குக் குறைவாக நினைக்கவில்லை. நம் வரலாற்றாசிரியர்களுக்கு ஏன் அது குறைவாகப் பட்டது?

இனி, இந்தச் சிவப்பு ஒரு குற்றமாக எண்ணப்பட்ட இடத்துக்குப் போக வேண்டும். ஸ்பெயினின் கிரனடா 1492 இல் வீழ்ந்தது. சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்த முஸ்லிம்கள் கட்டாயமாகக் கிறிஸ்தவராக்கப்பட்டனர். மொரிஸ்கோக்கள் என்று அழைக்கப்பட்ட இவர்கள் உள்ளத்தில் எதை வைத்திருக்கிறார்கள் என்பதை அதிகாரிகளால் பார்க்க முடியவில்லை. கையைப் பார்க்க முடிந்தது. குவாதிஸ் நகரின் ஆயராக இருந்த அன்டோனியோ டி குவேவாரா, தம் பகுதி மொரிஸ்கோப் பெண்களின் கூந்தலை வெட்டவும், கைகளிலிருந்த மருதோன்றியைச் சுரண்டியெடுக்கவும் முற்பட்டார். கிரனடாவின் நீதிமன்றத்தார் தலையிட்டு அதை நிறுத்த வேண்டியிருந்தது. தோலைச் சுரண்டினால் இரத்தம் வரும். நகத்தைச் சுரண்டினாலும் அந்த நிறம் போகாது.

பிறகு 1567 ஜனவரி முதலாம் திகதி மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆணை கிரனடாவில் பகிரங்கமாக வாசிக்கப்பட்டது. அரபு மொழி கூடாது, பழைய உடை கூடாது, குளிப்பகங்கள் கூடாது, கலியாண நாட்களில் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியும்படி வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும், பெண்கள் மருதோன்றியிடக் கூடாது. அப்போது முதியவராயிருந்த பிரான்சிஸ்கோ நூனெஸ் முலே என்ற மொரிஸ்கோப் பிரமுகர் இந்த ஆணைக்கு எதிராக ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதினார். மருதோன்றி முஸ்லிம்களின் மதச் சடங்கு அல்ல, அது தலையைச் சுத்தம் செய்யும் வழக்கம், உடலுக்கும் நல்லது என்று அதில் வாதாடினார். ஆயர் சுரண்ட வந்த கதையையும் அவர்தான் நினைவூட்டினார். யாரும் செவிமடுக்கவில்லை. 1568 இல் கிளர்ச்சி மூண்டது. 1609 முதல் 1614 வரை மொரிஸ்கோக்கள் ஸ்பெயினைவிட்டே வெளியேற்றப்பட்டார்கள்.

இது எங்கோ நடந்த கதை என்று விட்டுவிட முடியாது. அந்த இரண்டாம் பிலிப்பு 1580 இல் போர்த்துக்கலின் முடியையும் எடுத்துக்கொண்டார். கொழும்புக் கோட்டையிலிருந்த போர்த்துக்கேயர் அதன் பிறகு அவருடைய ஆட்களே. மொரிஸ்கோக்களை வெளியேற்றியவர் அவருடைய மகன். பேரன் ஆண்ட காலத்தில், 1626 இல், இலங்கையில் போர்த்துக்கேயர் வசமிருந்த பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டனர். கண்டி மன்னர் செனரத் அவர்களை ஏற்று ஒரு பகுதியினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினார். கிரனடாவின் மணப்பெண்ணும் எங்கள் கிழக்கின் மணப்பெண்ணும் ஒரே குடும்பத்து மூன்று தலைமுறை மன்னர்களின் நிழலுக்குள் இருந்தவர்கள். அங்கே நகத்திலிருந்து சிவப்பைப் பறித்தார்கள். இங்கே அது பெயர்ந்து வந்த இடத்திலும் நின்றது.

நின்ற பின்னும் அதற்குச் சோதனை தீரவில்லை. 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிக் கட்டுரை வாசித்தபோது, மொழியோடு சமூக வழக்கங்களையும் எடுத்துக்காட்டி, சோனகர் மதம் மாறிய தமிழரே என்று வாதிட்டார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல் அதற்கு மறுப்பு எழுதினார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் என்ற அரசியல் கேள்வி இதற்குள் இருந்தது. அதனால் நம்முடைய கலியாண வீடு சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டது. அன்றிலிருந்து நம்மிடம் ஒரு கூச்சம் ஒட்டிக்கொண்டது. எந்த வழக்கத்தைக் கண்டாலும் இது அரபு நாட்டிலிருந்து வந்ததா, அயல் வீட்டிலிருந்து வந்ததா என்று பிறப்புச் சான்றிதழ் கேட்கிறோம்.

அண்மைக் காலங்களில் சில மேடைகளில் மருதோன்றி இரவு மாற்று மதக் கலாசாரம் என்று கண்டிக்கப்படுவதைக் கேட்டிருக்கிறேன். வீண் செலவையும் கூத்தையும் கண்டிப்பதில் நியாயம் இருக்கிறது. கடன் பட்டு ஒலிபெருக்கி வைத்து மேடை போட்டுச் செய்யும் ‘மெஹந்தி நைட்’ எனக்கும் உவப்பானதல்ல. ஆனால் சிவப்பின் மீதே பழி போடுபவர்கள் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். ஸ்பெயின் மன்னர் இது இஸ்லாம் என்று தடுத்தார். நம் மேடைப் பேச்சாளர் இது இஸ்லாம் அல்ல என்று தடுக்கிறார். இருவருக்கும் நடுவில் அதே நகத்தோடு பெண் நிற்கிறாள். யெமன் நாட்டு யூதப் பெண்ணும் கலியாணத்துக்கு மருதோன்றியிட்டாள். துருக்கியில் மணமகளின் உள்ளங்கையில் மருதோன்றியோடு பொற்காசு வைக்கிறார்கள். இராஜஸ்தானில் இந்துப் பெண் இடுகிறாள். இலை எந்த வேலியிலும் வளரும். எந்தக் கையிலும் ஒரே நிறம்தான்.

உமறுப்புலவர் சீறாப்புராணத்து மணம்புரி படலத்தில் கதீஜா நாயகியின் திருமணத்தைப் பாடியபோது மக்கமாநகரைத் தமிழ் நாட்டுக் கலியாண ஊராகவே அலங்கரித்தார். அவரிடம் யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை.

மருதோன்றியை உண்மையில் நகத்திலிருந்து இறக்கியது மன்னரும் அல்ல, மேடையும் அல்ல. ஒரு சிறு கண்ணாடிக் குப்பி. நகப்பூச்சை நம் ஊர்களில் எல்லாரும் கியூட்டெக்ஸ் என்கிறார்கள். அது 1911 இல் நோர்தம் வாரன் என்ற அமெரிக்கர் நகத்தோரத் தோலை நீக்குவதற்குச் செய்த திரவத்தின் வணிகப் பெயர். நகத்தோரத் தோலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. 1932 இல் ரெவ்லோன் நிறுவனம் அடர்த்தியான பல நிறப் பூச்சுகளைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. மோட்டார் வண்டிக்கு அடிக்கும் வண்ணத்தில் உள்ள நைட்ரோசெலுலோசுதான் இதற்கும் ஆதாரம். மருதோன்றி நகத்துக்குள் இறங்கும் நிறம். கியூட்டெக்ஸ் நகத்தின் மேல் படியும் படலம். இந்த வேறுபாடு வேதியியலில் சிறியது, வுழூவில் பெரியது. நிறம் மட்டும் இருந்தால் தண்ணீர் நகத்தை அடையும், வுழூ கூடும். படலம் இருந்தால் அடையாது. ஆகவே தொழுகிற மணப்பெண் கலியாணப் படப்பிடிப்பு முடிந்ததும் அசற்றோன் நனைத்த பஞ்சால் பத்து நகங்களையும் துடைத்துவிட்டுத்தான் தண்ணீர்க் குழாயடிக்குப் போகிறாள். ஆறு மாதம் இருந்த நிறம் ஆறு மணித்தியாலமாகிவிட்டது.

பிறகு வந்தது கோன். மத்திய கிழக்குக்குப் போன நம் பெண்கள் அங்கிருந்து மெல்லிய கொடிச் சித்திரங்களைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். சந்தேகமில்லாமல் அழகான கலை. எங்கள் ஊரில் இரண்டு மூன்று பிள்ளைகள் அதை ஒரு தொழிலாகவே செய்து குடும்பம் நடத்துகிறார்கள். அதை நான் மதிக்கிறேன். என்றாலும் கோன் வரைவது தோலில். நகத்தைக் கியூட்டெக்ஸுக்கு என்று விட்டுவிடுகிறார்கள். சிலர் அவசரத்துக்குக் ‘கறுப்பு மெஹந்தி’ வாங்குகிறார்கள். மருதோன்றி இலையில் கறுப்பு நிறமே கிடையாது. ஒரு மணித்தியாலத்துக்குள் கறுக்கும் கோன்களில் பெரும்பாலும் தலைச்சாயத்தில் சேரும் பரா-பெனிலின்டையமின் கலந்திருக்கும். கொப்புளமும் நிரந்தரத் தழும்பும் உண்டாக்கக் கூடியது. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006 இல் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகவே அறிவித்தது. கோன் வாங்கும் தாய்மார் ஒரு விடயத்தைக் கேட்டால் போதும்: எவ்வளவு நேரத்தில் சிவக்கும்? ஓர் இரவு என்றால் அது இலை.

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து பாடசாலை திறந்த அன்று, ஒன்பதாம் வகுப்பில் மருதோன்றி மரம் வீட்டு வளவில் உள்ளவர்கள் யார் என்று கேட்டேன். ஒரு சில கைகள்தான் உயர்ந்தன. வேலி இருந்த இடங்களில் மதில் வந்துவிட்டது, மரம் அதோடு போய்விட்டது என்றார்கள். கை உயர்த்திய ஒரு பிள்ளையின் வலக்கைச் சுண்டுவிரல் நகம் மட்டும் சிவந்திருந்தது. ஏன் ஒன்று மட்டும் என்றேன். “மரம் சின்னன் சேர். மூத்தம்மா அரைச்சது ராத்தாட பத்து வெரலுக்கும்தான் காணுமா இருந்திச்சி. அம்மியில ஒட்டியிருந்தத எனக்கு வெச்சாங்க” என்றாள். அவளுடைய ராத்தாவுக்கு அடுத்த நாள் காவின்.